மடுவத்துத் தராசு அளப்பது எதை?

கொழும்பிலிருந்து நுவரெலியாவுக்கு ஏறி வரும் எவருடைய நிறையும் வழியில் கொஞ்சம் குறைகிறது. உடம்பு இளைக்கவில்லை, ஒரு சொட்டு வியர்வை சிந்தவில்லை, ஆனாலும் குறைகிறது. கடற்கரையில் பூமி அவரை எவ்வளவு விசையோடு இழுத்ததோ, 1,868 மீற்றர் உயரத்தில் அதைவிட ஏறக்குறைய ஈராயிரத்தில் ஒரு பங்கு குறைவாக இழுக்கிறது. 60 கிலோ ஆளுக்கு அது சுமார் 30 கிராமின் நிறைக்குச் சமம். அவருடைய எலும்பு, தசை, இரத்தம் எதிலும் ஒரு கிராம்கூடக் குறையவில்லை. உடம்பிலுள்ள பொருளின் அளவு ஒன்று, அந்தப் பொருளைப் பூமி இழுக்கும் விசை வேறொன்று. முதலாவது திணிவு, இரண்டாவது நிறை.

இவை இலங்கைப் பாடநூல்களின் சொற்கள். தமிழ்நாட்டில் படித்தவர்கள் இவற்றையே முறையே நிறை, எடை என்று படித்திருப்பார்கள். மலையகப் பள்ளிப் பிள்ளைகளின் கையில் இருக்கும் புத்தகத்தையே இந்த அத்தியாயம் பின்பற்றுகிறது. திணிவைக் கிலோகிராமில் சொல்கிறோம். நிறை ஒரு விசை என்பதால் அதை நியூற்றனில் சொல்ல வேண்டும். திணிவை g என்ற புவியீர்ப்பு ஆர்முடுகலால் பெருக்கினால் நிறை வரும். நுவரெலியாவில் g சுமார் 9.78. ஆகவே 20 கிலோ தேயிலைக் கொழுந்தின் நிறை இங்கே 195.6 நியூற்றன்.

பரீட்சைக்காக இதை மனப்பாடம் செய்கிற பிள்ளையின் அம்மா, அதே நேரத்தில் மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருப்பார். பெரும்பாலான தோட்டங்களில் காலை, பகல், மாலை என்று நாளுக்கு மூன்று தடவை கொழுந்து நிறுக்கிறார்கள். கொழுந்து நிறுக்கும் கொட்டகையான மடுவத்தில் கூடையோ பையோ தராசில் ஏறும். கணக்கப்பிள்ளையோ கங்காணியோ எண்ணைப் படித்து எழுதுவார். அன்றைக்கு முழுப்பேரா (முழுநாள் கூலி) அரைப்பேரா (அரைநாள் கூலி), மேலதிகக் கிலோவுக்குக் காசு உண்டா என்பதெல்லாம் அந்த எண்ணில் தொங்குகிறது. மலையகத்தில் மிக அதிகமான மனிதர்களின் வாழ்க்கையைத் தினமும் தொடுகிற இயற்பியல் கருவி அந்தத் தராசுதான். அதனால் அது எதை அளக்கிறது என்று தெரிந்துகொள்வது பரீட்சையைவிடப் பெரிய விஷயம்.

கூலி கொடுப்பது கொழுந்தின் திணிவுக்கு. தொங்கும் வில் தராசு அளப்பதோ விசையை. உள்ளே ஒரு சுருள்வில் இருக்கிறது. இங்கிலாந்தைச் சேர்ந்த றொபேட் ஹூக் 1678இல் வெளியிட்ட விதிப்படி, வில் எவ்வளவு நீளுகிறது என்பது அதை எவ்வளவு விசையோடு இழுக்கிறோம் என்பதற்கு நேர்விகிதத்தில் இருக்கும். பை வில்லைக் கீழே இழுக்கிறது, வில் பையை மேலே இழுக்கிறது. இரண்டும் சமமாகும் இடத்தில் பை அசையாமல் நிற்கும், முள்ளும் நிற்கும். வில்லுக்குக் கிலோ என்றால் என்னவென்று தெரியாது. 195.6 நியூற்றனுக்கு நீண்டதும் அந்த இடத்தில் ‘20’ என்று எழுதி வைத்தவர்கள் மனிதர்கள். இப்போது வந்திருக்கும் டிஜிட்டல் தராசுக்குள் சுருள்வில்லுக்குப் பதிலாக ஓர் உலோகத் துண்டு மிக நுண்ணிய அளவில் வளைகிறது. அதுவும் விசையைத்தான் அளக்கிறது. திரையில் எண் பளிச்சென்று தெரிவதால் மட்டும் அது திணிவு ஆகிவிடாது.

இரண்டு தட்டுத் தராசின் கதை வேறு. ஒரு பக்கம் படிக்கல், மறுபக்கம் பொருள். பூமி இரண்டையும் ஒரே g கொண்டு இழுப்பதால் g இரு பக்கமும் அடிபட்டுப்போகும், திணிவும் திணிவும் நேருக்கு நேர் ஒப்பிடப்படும். அந்தத் தராசைச் சந்திரனுக்குக் கொண்டுபோனாலும் 20 கிலோ கொழுந்து 20 கிலோவாகவே நிற்கும். வில் தராசைக் கொண்டுபோனால் அங்கே g 1.62 என்பதால் முள் 3.3 கிலோ அளவில் நின்றுவிடும்.

அப்படியானால் மலையேறும்போது g குறைவதால் கொழுந்துக் கணக்கிலும் குறைகிறதா? இந்தக் கேள்விக்கு ஒரு நல்ல வரலாறு இருக்கிறது. பாரிசு நகரின் அறிவியல் கழகம் ஜான் ரிஷே என்ற வானியலாளரைத் தென்னமெரிக்காவின் கயேன் தீவுக்கு அனுப்பியது. 1672இல் அங்கே போய்ச் சேர்ந்தவர், பாரிசில் சரியாக ஓடிய தம்முடைய ஊசல் கடிகாரம் நாளொன்றுக்குச் சுமார் இரண்டரை நிமிடம் பிந்துவதைக் கண்டார். ஊசலை மூன்று மில்லிமீற்றருக்கும் குறைவாகக் குட்டையாக்கியபின்தான் நேரம் சரியானது. ஊசலைக் கீழே இழுக்கும் விசை கயேனில் குறைந்திருந்தது. நியூற்றன் 1687இல் வெளியிட்ட ‘பிரின்சிப்பியா’வில் இதைக் கையாண்டு, பூமி நடுவில் பருத்தும் துருவங்களில் தட்டையாகவும் இருக்கிறது என்று வாதிட்டார். நிலநடுக்கோட்டில் நிற்பவர் துருவத்தில் நிற்பவரைவிடப் பூமியின் மையத்திலிருந்து சுமார் 21 கிலோமீற்றர் கூடுதலாக விலகி நிற்கிறார். பூமியின் சுழற்சியும் அவருடைய நிறையில் ஒரு பகுதியை எடுத்துக்கொள்கிறது. கயேன் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 5 பாகையில் இருக்கிறது, நுவரெலியா 7 பாகையில். ரிஷே தம் கடிகாரத்தை இங்கே கொண்டுவந்திருந்தாலும் ஏறக்குறைய அதேயளவு பிந்தியிருக்கும். மலையின் உயரத்துக்காக இன்னும் ஓர் இருபது வினாடி அளவுக்குக் கூடப் பிந்தியிருக்கும்.

இதைக் கொழுந்துக்குப் பொருத்திப் பார்ப்போம். g 9.81 ஆக இருக்கும் லண்டனில் வைத்துச் சரியாக அளவு குறித்த ஒரு வில் தராசை எதுவும் திருத்தாமல் நுவரெலியாவில் தொங்கவிட்டால், 20 கிலோ கொழுந்தை அது சுமார் 70 கிராம் குறைத்துக் காட்டும். கொழும்பில் குறித்த தராசு என்றால் குறைவு 10 கிராம் மட்டும். உயரத்தை மட்டும் வைத்துக் கணக்கிட்டால் இன்னும் ஒன்றிரண்டு கிராம் கூட வரும். ஆனால் நம் காலடியில் இருக்கும் மலையும் தன் திணிவால் நம்மைக் கீழ்நோக்கி இழுப்பதால் அந்தக் குறைவில் ஒரு பங்கு ஈடாகிவிடுகிறது. இந்தப் பிழையைப் போக்கும் வழியும் எளியது. தராசு எந்த மடுவத்தில் தொங்குகிறதோ அங்கேயே 20 கிலோ படிக்கல்லை மாட்டி, முள்ளை 20இல் நிறுத்திவிட்டால் போதும். உயரம், அகலாங்கு எல்லாம் கணக்கிலிருந்து விலகிவிடும்.

ஆக, மலையகத்தில் கொழுந்துக் கிலோ காணாமல் போகிறது என்றால் அதற்குப் பூமியின் ஈர்ப்பைக் குற்றம் சொல்ல முடியாது. 10 கிராம் ஒரு பிடிக் கொழுந்துகூட இல்லை. வேறு விசைகளைத்தான் தேட வேண்டும்.

முதலில் நிலம். தொங்கும் பையின் அடி தரையில் உரசிக்கொண்டிருந்தால் தரை அதை மேல்நோக்கித் தாங்கும். தாங்கிய அளவு வில்லுக்குப் போகாது. பையின் திணிவும் நிறையும் மாறவில்லை, ஆனால் நிறையைச் சுமப்பவர்கள் இப்போது இருவர்: வில் ஒரு பங்கு, தரை ஒரு பங்கு. முள் காட்டுவது வில்லின் பங்கை மட்டும். பை ஆடாமலிருக்கட்டும் என்று ஒருவர் அடியில் கை கொடுத்தாலும் இதுவே நடக்கும். 10 நியூற்றன் என்பது ஒரு கையின் மெல்லிய தாங்கல்தான், கை கொடுத்தவருக்கே அது உறைக்காது. ஆனால் கணக்கில் ஒரு கிலோ போய்விடும்.

அடுத்தது உராய்வு. மழையிலும் பனியிலும் கிடந்து துருவேறிய தராசில் முள்ளும் அதன் பல்சக்கரமும் உரசும். உராய்வு விசை எப்போதும் அசைவுக்கு எதிர்த்திசையில் வேலை செய்யும். பையை மாட்டும்போது முள் பூச்சியத்திலிருந்து மேலே ஏறுகிறது, உராய்வு அதைப் பின்னே பிடிக்கிறது. அதனால் முள் உண்மையான இடத்துக்குக் கொஞ்சம் முன்னதாகவே நின்றுவிடும். இந்தப் பிழை கூடியும் குறைந்தும் வருவதில்லை. சுமை ஏற்றும் ஒவ்வொரு தடவையும் பறித்தவரின் பக்கமே நட்டமாக விழும். தராசை விரலால் இரண்டு தட்டுத் தட்டி, முள் நகர்கிறதா என்று பார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். முள் நகர்ந்தால் அந்தத் தராசைப் பழுதுபார்க்க அனுப்ப வேண்டும்.

ஆட்டம் எதிர்ப்பக்கமாகவும் ஏமாற்றும். பையைக் கொக்கியில் மாட்டிச் சட்டென்று விட்டால் முள் உண்மையான எண்ணைத் தாண்டி, ஏறக்குறைய இரு மடங்குவரை பாய்ந்து, திரும்பி, மேலும் கீழும் ஆடும். பை ஆடும்போது அதற்கு ஆர்முடுகல் இருக்கிறது. வில்லின் விசையும் பையின் நிறையும் அப்போது சமமாக இல்லை. ஆடும் முள்ளைப் படிப்பவர் நிறையைப் படிக்கவில்லை. வரிசை நீளமாக நிற்கிறது, மழை இருட்டிக்கொண்டு வருகிறது, லொறி காத்திருக்கிறது என்ற அவசரத்திலும் முள் ஓய்வுக்கு வரும்வரை பொறுப்பதே அளவீட்டின் முதல் ஒழுக்கம்.

மேடைத் தராசுக்கு மலையகத்துக்கே உரிய ஒரு நோய் உண்டு. இங்கே சமதரை அரிது. மடுவத்துத் திண்ணையோ லொறித் தட்டோ சாய்ந்திருந்தால், அதன்மேல் வைத்த தராசும் சாயும். அப்போது கொழுந்தின் நிறை இரண்டு கூறாகப் பிரியும். ஒரு கூறு தட்டை நேராக அழுத்தும், மற்றது தட்டின் வழியே கீழே சரிக்கப் பார்க்கும். தராசு படிப்பது முதல் கூற்றை மட்டும். சாய்வு 5 பாகை என்றால் 20 கிலோ 19.92 ஆகிவிடும். அந்த 80 கிராம் கொழும்பிலிருந்து நுவரெலியாவரை ஏறி வந்த குறைவைப்போல எட்டு மடங்கு. 10 பாகை சாய்வில் 300 கிராம் மறைந்துபோகும், முள் 19.7இல் நிற்கும். அன்றைய இலக்கு 20 கிலோ என்றும் எழுதுபவர் கண்டிப்பானவர் என்றும் வைத்துக்கொண்டால், முழுப்பேருக்கும் அரைப்பேருக்கும் நடுவே நிற்பது தராசின் அடியில் வைக்காமல் விட்ட ஒரு சிறு கட்டைத் துண்டு. தொங்கும் தராசுக்கு இந்த நோய் இல்லை. எங்கே மாட்டினாலும் அது தானாகவே செங்குத்தாக நின்றுகொள்ளும். பழைய தராசு என்று அதை இகழ வேண்டாம். சாய்ந்த பூமிக்கு அது பொருத்தமான கருவி.

நிறை இப்படி இரண்டாகப் பிரிவதை மலையகத்துக் கால்கள் நன்றாக அறியும். 30 பாகைச் சரிவில் நிற்கும் ஒருவரின் நிறையில் சரிபாதி அவரைச் சரிவின் வழியே கீழே இழுக்கிறது. அவரை நிறுத்தி வைத்திருப்பது பாதத்துக்கும் மண்ணுக்கும் இடையிலுள்ள உராய்வு. நெற்றியில் பட்டியிட்டு முதுகில் தொங்கும் கூடை நிரம்ப நிரம்ப இழுக்கும் கூறும் கூடும், அழுத்தும் கூறும் கூடும். அந்தக் கூடையோடு 100 மீற்றர் உயரத்துக்கு ஏறினால் 20 கிலோ கொழுந்துக்காக மட்டும் 19,560 யூல் வேலை செய்தாக வேண்டும். ஏறுபவரின் சொந்த உடம்பைத் தூக்கும் வேலை இதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். தசைகள் செலவிடும் சக்தியில் பெரும்பகுதி வெப்பமாகப் போய்விடுவதால் உடம்புக்கு உண்மையில் ஆகும் செலவு இன்னும் பல மடங்கு. கொழுந்துக் கணக்கில் இந்த வேலைக்கென்று ஒரு பத்தி கிடையாது. மடுவத்துக்குப் பக்கத்து மலையில் பறித்த 20 கிலோவும் தூரத்துச் சரிவில் பறித்துச் சுமந்து வந்த 20 கிலோவும் ஒன்றாகவே எழுதப்படுகின்றன. திணிவு ஒன்றுதான், செய்த வேலை ஒன்றில்லை.

மலையே சரிவதும் இதே கணக்குத்தான். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில், பதுளை மாவட்டத்தில் கொஸ்லந்தைக்கு அருகே மீரியபெத்தை தோட்டத்தின் லயங்கள் என்ற வரிசைக் குடியிருப்புகள் மண்ணுக்குள் புதைந்தன. மழை பெய்தால் மண் கனத்துச் சரிகிறது என்று பொதுவாகச் சொல்வார்கள். அது பாதி உண்மை. மண்ணின் நிறை கூடும்போது கீழே இழுக்கும் கூறு கூடுகிறது, ஆனால் மண்ணை அழுத்திப் பிடிக்கும் கூறும் உராய்வும் சேர்ந்தே கூடுகின்றன. கனம் மட்டும் ஏறினால் சரிவு அவ்வளவு எளிதில் இளகாது. மண் துகள்களுக்கு இடையில் தேங்கும் தண்ணீரின் அழுத்தம்தான் ஆபத்து. அது துகள்களை ஒன்றிலிருந்து ஒன்று விலக்கித் தள்ளுகிறது. அழுத்தும் கூறு பலமிழக்கிறது, உராய்வும் கூடவே தளர்கிறது, இழுக்கும் கூறு மட்டும் அப்படியே நிற்கிறது. ஆகவே மழைநீரை மலைக்குள் இறங்கவிடாமல் கான் வெட்டி வடிப்பது உயிர் காக்கும் வேலை. நிலத்தில் புதிய வெடிப்பு, சாயும் மரங்கள், புதிதாகக் கிளம்பும் ஊற்று, திடீரென்று கலங்கும் தண்ணீர் இவற்றைக் கண்டால் லயத்தைவிட்டு உடனே வெளியேற வேண்டும். மீரியபெத்தையில் ஆபத்து இருப்பதாக முன்பே எச்சரிக்கை விடுக்கப்பட்டிருந்தது. விசைகளின் கணக்குத் தெரிந்திருந்தது, பாதுகாப்பான நிலம்தான் அந்த மக்களுக்கு நேரத்தோடு கொடுக்கப்படவில்லை.

தண்ணீர் கொழுந்திலும் வந்து நிற்கிறது. இங்கே விஷயம் தலைகீழ். ஈரக் கொழுந்தில் தராசு பொய் சொல்வதில்லை. இலையின் மேல் ஒட்டியிருக்கும் மழைநீருக்கும் உண்மையான திணிவு உண்டு, பூமி அதையும் இழுக்கிறது, முள் அதையும் சேர்த்துக் காட்டுகிறது. பச்சைக் கொழுந்துக்குள்ளேயே முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர்தான். அதனால்தான் ஒரு கிலோ தேயிலைத்தூளுக்குச் சுமார் நாலரைக் கிலோ கொழுந்து வேண்டும். மிச்சமெல்லாம் வாட்டும்போதும் உலர்த்தும்போதும் ஆவியாகிவிடும். உள்ளே இருக்கும் தண்ணீர் கொழுந்தின் பகுதி, வெளியே ஒட்டியது மழையின் பகுதி. மழைநாளில் வெளித் தண்ணீருக்காகக் கழிப்பதில் நியாயம் இருக்கிறது. எவ்வளவு கழிப்பது, எப்படிக் கழிப்பது என்பதில்தான் அநியாயம் நுழைகிறது.

மேற்பரப்புத் தண்ணீர் இலையின் மேற்பரப்பில்தான் ஒட்டும். இலை கூடினால் தண்ணீர் கூடும், இலை குறைந்தால் குறையும். ஆகவே கழிவு நூற்றுக்கு இவ்வளவு என்றுதான் இருக்க முடியும். பைக்கு இத்தனை கிலோ என்று எல்லாருக்கும் ஒரே எண்ணைக் கழிப்பது இயற்பியலுக்கு ஒவ்வாது. ஒரு பேச்சுக்கு 2 கிலோ கழிக்கிறார்கள் என்றால், 12 கிலோ பறித்தவர் ஆறில் ஒரு பங்கை இழக்கிறார், 6 கிலோ பறித்த வயதான அம்மா மூன்றில் ஒரு பங்கை இழக்கிறார். அவருடைய கொழுந்தில் மட்டும் மழை இரு மடங்கு ஒட்டியிருக்க வழியில்லை. சரியான முறை கடினமும் இல்லை. அன்றைய கொழுந்தில் ஒரு கிலோவை எடுத்து, மேல்நீரைத் துணியால் ஒற்றி எடுத்துவிட்டு மறுபடி நிறுக்க வேண்டும். 1,000 கிராம் 920 ஆனால் கழிவு நூற்றுக்கு 8. மழை கூடும்போது எண் கூடும், வெயிலடித்தால் பூச்சியமாகும். பைக்கும் கூடைக்கும் கழிப்பதும் இப்படித்தான்: வெறும் கூடையை நிறுத்துப் பார்த்தால் உண்மை தெரியும், ஊகம் வேண்டியதில்லை.

எழுதும் முறையிலும் கிலோ போகும். கிராம்களை விட்டுவிட்டுக் கிலோவை மட்டும் எழுதினால், 6.9 கிலோவும் 6தான், 6.1 கிலோவும் 6தான். சராசரியாக ஒரு நிறுவைக்கு அரைக் கிலோ போகும், மூன்று நிறுவைக்கு ஒன்றரைக் கிலோ. இந்த அத்தியாயத்தில் உயரத்துக்காகக் கணக்கிட்ட 10 கிராமைப்போல 150 மடங்கு. கிராம்வரை காட்டும் டிஜிட்டல் தராசை வாங்கி வைத்துக்கொண்டு புள்ளிக்குப் பின்னால் இருப்பதை எழுதாமல் விடுவது கருவிக்கும் அவமதிப்பு, உழைப்புக்கும் அவமதிப்பு.

கொடுக்கல் வாங்கலுக்குப் பயன்படும் தராசுகளைச் சரிபார்த்து முத்திரையிடுவதற்கு இலங்கையில் சட்டம் இருக்கிறது: 1995ஆம் ஆண்டின் 35ஆம் இலக்க அளவீட்டு அலகுகள், நியமங்கள் மற்றும் சேவைகள் சட்டம். அதே பெயரில் ஒரு திணைக்களமும் இருக்கிறது. தராசில் முத்திரை இருக்கிறதா, எந்த ஆண்டின் முத்திரை என்று கேட்பதில் எந்தத் தவறும் இல்லை.

முத்திரைக்குக் காத்திராமலே செய்து பார்க்கக்கூடிய சோதனை ஒன்றும் உண்டு. ஒரு லீற்றர் தண்ணீரின் திணிவு, மலையகக் குளிரிலும் சரி, ஏறக்குறைய மிகச் சரியாக ஒரு கிலோ. வெறும் கலன் ஒன்றைத் தராசில் மாட்டி எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அளவு குறித்த பாத்திரத்தால் 10 லீற்றர் தண்ணீரை அதில் ஊற்றுங்கள். எண் சரியாக 10 கிலோ கூட வேண்டும். இன்னொரு 10 லீற்றர் ஊற்றினால் 20 கூட வேண்டும். பூச்சியத்தில் முள் நிற்கிறதா, பை தரையைத் தொடுகிறதா, மேடை சாய்ந்திருக்கிறதா, தட்டினால் முள் நகர்கிறதா என்று கூடவே பார்த்துவிடலாம். தோட்டப் பள்ளிகளில் விஞ்ஞானம் கற்பிக்கும் ஆசிரியர்களை வேண்டிக் கேட்கிறேன்: திணிவும் நிறையும் என்ற பாடத்தை இந்த ஒரு சோதனையோடு நடத்துங்கள். பிள்ளைகள் வீட்டுக்குப் போய் அம்மாவிடமும் அம்மாயியிடமும் அதைச் சொல்லட்டும்.